தோஹா இஸ்லாமிய கலை மியூசியம்: மாமனார் மாமியார், ரெண்டு பசங்களோட போறோம், எதைப் பாக்கலாம்?

கோர்னிஷ்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். மாமனாரும் மாமியாரும் ஊர்ல இருந்து வந்திருக்காங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. மால் எல்லாம் சுத்திக் காட்டியாச்சு, அவங்களுக்கு அதுல பெருசா ஈடுபாடு இல்ல. இந்த வாரக் கடைசியில கோர்னிஷ் கடற்கரைச் சாலை பக்கம் இருக்கற இஸ்லாமிய கலை மியூசியம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். பெரியவளுக்கு 11 வயசு, சின்னவனுக்கு 6. மாமாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. அத்தை நேத்து "அங்க போய் நமக்கு என்னம்மா புரியப்போகுது"ன்னு கேட்டாங்க, எனக்கும் பதில் தெரியல. நாலு வருஷமா இங்க இருக்கேன், வெளிய பார்க்ல உக்காந்துட்டு வந்திருக்கேனே தவிர உள்ள போனதில்ல. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஈச்சமரம்:
முதல்ல ஒண்ணு, எல்லாத்தையும் பாத்துடணும்னு போகாதீங்க. 18 காலரி இருக்கு. எல்லாத்துலயும் நுழைஞ்சா பசங்க மூணாவதுலயே சோர்ந்துடுவாங்க. அஞ்சாறு பொருள் போதும், ஆனா ஒவ்வொண்ணு முன்னாடியும் நின்னு நிதானமா பாருங்க.

கட்டடத்துல இருந்தே ஆரம்பிங்க. பாரிஸ் லூவ்ர் மியூசியம் வாசல்ல கண்ணாடி பிரமிட் கட்டுன ஐ.எம். பெய் தான் இதையும் கட்டுனாரு, 2008-ல திறந்தப்போ அவருக்கு 91 வயசு. வேலையில இருந்து ஒதுங்கியிருந்த மனுஷனைத் தேடிப்போய் கூப்பிட்டாங்க, அவரு இஸ்லாமியக் கட்டடக்கலையோட சாரம் என்னன்னு தெரிஞ்சுக்க பல நாடு சுத்திட்டு, கடைசியில கெய்ரோவுல இப்னு துலூன் பள்ளிவாசல் முற்றத்துல இருக்கற, தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யற சின்ன மண்டபத்தைப் பாத்துதான் இந்த வடிவத்தைப் பிடிச்சாரு. பின்னாடி யாரும் பக்கத்துல உயரமா கட்டி மறைச்சிடக் கூடாதுன்னு கடலுக்குள்ள தனியா ஒரு தீவு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குனாரு. பொண்ணுகிட்ட வெளிய நின்னு காட்டுங்க, கீழ சதுரம், அதுக்கு மேல எட்டு மூலை, அப்படியே மேல போகப் போக சுருங்கும். அப்புறம் உள்ள போய் நடுக்கூடத்துல நின்னு அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க. அந்தக் கூடத்துலயே கடலைப் பாத்த மாதிரி உயரமா ஒரு கண்ணாடிச் சுவர், மாமா உக்கார நல்ல இடம்.

விசிட்ல வந்தவங்களுக்கு டிக்கெட் எடுக்கணும், நமக்கு கத்தார் ஐடி காட்டினா போதும். வெள்ளிக்கிழமை போறதா இருந்தா மதியத்துக்கு மேல போங்க, காலையில திறக்க மாட்டாங்க.

கீழக்கரைபொண்ணு:
அத்தை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எங்க உம்மாவும் இதையேதான் கேட்டாங்க. உம்மாவுக்கு அரபு ஓதத் தெரியும், ஆனா கூஃபிங்கற பழைய பாணி அரபு எழுத்துல இருக்கறது அவங்களுக்கே ஒண்ணும் பிடிபடல, கோணக் கோணமா கட்டம் மாதிரி இருக்கும். அங்க ஒரு வெள்ளைக் கிண்ணம் இருக்கு, ஈரான் பக்கத்துது, 10-ஆம் நூற்றாண்டு. நடுவுல ஒண்ணுமே இல்ல, சுத்தமான வெள்ளை, விளிம்பைச் சுத்தி மட்டும் கருப்புல ஒரு வரி எழுத்து. வாய்ப்பை நழுவ விட்டுட்டு பின்னாடி விதியைத் திட்டறவன் மடையன்னு அதுக்கு அர்த்தம். சோறு திங்கற கிண்ணத்துல இதை எழுதி வச்சிருக்காங்கன்னு சொன்னதும் உம்மா அதைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. எங்க ஊர்ல பாட்டிமாருங்க தமிழையே அரபு எழுத்துல எழுதிப் படிச்சவங்க, அரபுத்தமிழ்னு சொல்லுவோம். அந்தப் பழக்கத்துல வந்த எனக்கு எழுத்தே அலங்காரமா மாறுறதைப் பாக்கறப்போ மனசு நெறஞ்சு போச்சு.

இன்னொண்ணு விட்டுடாதீங்க, ஷாஜஹானோட பச்சைக்கல் (ஜேட்) பதக்கம். கல்லு பேரு தான் பச்சைக்கல், நிறம் வெள்ளை. உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், மேல பூரா எழுத்து செதுக்கியிருக்கும். படபடப்பு அடங்கறதுக்காக நெஞ்சுமேல படற மாதிரி போட்டுக்கறது. அதுல போட்டிருக்கற ஹிஜ்ரி 1041-ங்கறது நம்ம கணக்குல 1631-32, மும்தாஜ் இறந்தது 1631. தாஜ்மஹாலை எல்லாருக்கும் தெரியும், அந்தத் துக்கத்துல இருந்த மனுஷன் நெஞ்சுல போட்ட கல்லு இங்க இருக்கு.

மூணுகுட்டீஸ்அப்பா:
சின்னவனுக்கு வெண்கல மான் காட்டுங்க. ஸ்பெயின்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நீரூற்றுல வச்சிருந்தது, வாய் வழியா தண்ணி கொட்டும். "தண்ணி எப்படி மேல ஏறுச்சு"ன்னு கேட்டு விடுங்க, என் பையன் குனிஞ்சு காலடியில ஓட்டை தேடிட்டு இருந்தான். பொண்ணுக்கு அஸ்ட்ரோலேப். பித்தளைத் தட்டு, பின்பக்கம் ஒரு ஊசி சுத்தும், அதை நட்சத்திரத்துக்கு நேரா பிடிச்சு உயரத்தைக் கோணத்துல படிச்சுக்கிட்டு, முன்பக்கம் இருக்கற வலை மாதிரி தகட்டை அதுக்கேத்தபடி திருப்பினா ராத்திரி மணி என்னன்னு தெரியும். கேட்டா வீல்சேர் தருவாங்க, மாமாவைக் கூச்சப்படாம உக்காரச் சொல்லுங்க. ஃபோட்டோ எடுத்தா ஃபிளாஷ் வேணாம்.

கோர்னிஷ்காத்து:
போயிட்டு வந்தோம்! ரெண்டு மணி நேரம், ஆறு பொருள். பித்தளைப் பாத்திரத்துல வெள்ளிக் கம்பி பதிச்சு சுல்தான் பேர் எழுதியிருந்தாங்க, அத்தை கிட்ட போய் பாத்துட்டு "நம்ம குடத்துல பேர் வெட்டித் தருவாங்களே, அந்த மாதிரியாம்மா"ன்னு கேட்டாங்க, அதுக்கப்புறம் எங்க எழுத்தைப் பாத்தாலும் "இது யார் பேரு"ன்னு கேட்டுட்டே வந்தாங்க. நட்சத்திர ஓடு பதிச்ச சுவர் முன்னாடி பொண்ணு நோட்டுல வரைய ஆரம்பிச்சா, வரவே இல்ல. அத்தை பென்சிலை வாங்கி புள்ளி வச்சுப் பாத்தாங்க, கோலக் கணக்குல பாதி வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல மூலை சேரல. காம்பஸ்ல வட்டம் போட்டு அதுல இருந்து பிரிக்கணுமாம், வீட்டுக்கு வந்து பொண்ணு போட்டுக் காட்டுனா.

கீழக்கரைபொண்ணு சொன்ன பதக்கத்துக்கிட்ட மாமா வீல்சேரை நிறுத்தச் சொல்லிட்டாரு. அவரு பேசவே இல்ல, நாங்களும் கேக்கல. வெளிய வர்றப்போ "அடுத்த வாரமும் வரலாமா"ன்னு அவரேதான் கேட்டாரு.