ராத்திரி பூரா கால் எரியுது, தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கலாமா?

பனியன்காரன், திருப்பூர்

வணக்கங்க. வயசு 51, பவர்டேபிள்ல, அதாவது பனியன் தைக்கற சின்ன யூனிட்ல, ஓவர்லாக் டெய்லர். சுகர் வந்து 12 வருசம் ஆச்சுங்க, ஆரம்பத்துல இருந்தே மெட்பார்மின் தான். கடைசியா பாத்தப்ப மூணு மாச சுகர் சராசரி (HbA1c) 9.6 இருந்துச்சு, ஒன்றரை ஷிப்ட் பாக்கறவனுக்கு டீயும் பன்னும் இல்லாம ஓடாதுங்க, அத விடுங்க.

ஒன்றரை வருசமா ரெண்டு பாதமும் எரிச்சல். பகல்ல மிசின்ல உக்காந்திருந்தா அவ்வளவா தெரியாது, நைட்டு படுத்தா தான் ஆரம்பிக்கும், மொளகாப்பொடிய தடவி விட்ட மாதிரி, போர்வை பட்டாக்கூட தாங்காது, கால மட்டும் வெளிய நீட்டி ஃபேனுக்கு நேரா வெச்சுட்டு தான் படுக்கறேன். நடந்தா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. பெடல எவ்வளவு அமுத்தறேன்னு காலுக்கு தெரியறதில்ல, மிசின் சத்தத்த கேட்டு தான் தைக்கறேன். டாக்டர் பிரெகாபலின் 75 குடுத்தாரு, போட்டா எரிச்சல் கொறையுது ஆனா காலைல தலைய சுத்துது, அதனால சனிக்கிழமை நைட்டு மட்டும் போட்டுக்கறேன், ஞாயித்துக்கிழமை லீவுங்கறதால. இப்ப வலது கைலயும் பெருவிரல், அதுக்கு அடுத்த ரெண்டு விரல் மதமதன்னு இருக்கு. கை போயிருச்சுன்னா பொழப்பே போச்சுங்க.

வருசா வருசம் தைப்பூசத்துக்கு தாராபுரம் வழியா பழனிக்கு வெறுங்கால்ல நடப்பேன், வேண்டுதல். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள இந்த எரிச்சல கொறைக்க வழி இருந்தா சொல்லுங்க.

அப்பறம் ஒண்ணு, போன வாரம் மிசின் ஊசி ஒடஞ்சு கால்ல ஏறியிருக்கு, எனக்கு தெரியவே இல்ல, சம்சாரம் தான் தரையில ரத்தத்த பாத்துட்டு சொன்னா. புடுங்கி போட்டுட்டு மஞ்சள் வெச்சுட்டேன், அது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க.

மருந்துச்சீட்டு

நான் மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட். அண்ணே, பிரெகாபலின சனிக்கிழமை ஸ்பெஷல் மாதிரி போடாதீங்க, அது அப்படி வேலை செய்யாது. தினமும் போட்டா தான் ஒரு அளவுல நிக்கும், தலைசுத்தல் நிறைய பேருக்கு முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல குறையும், குறையலைன்னா டாக்டர் டோஸை குறைச்சு ஆரம்பிப்பாரு இல்ல டுலோக்ஸெடின், அமிட்ரிப்டிலின் மாதிரி வேற எதுக்காவது மாத்துவாரு. கிட்னி ரிப்போர்ட்டையும் காட்டுங்க, கிட்னி சரியில்லைன்னா இந்த மாத்திரை டோஸ் குறையணும். இன்னொண்ணு, இது வலிய மட்டும் தான் அடக்கும், நரம்ப சரி பண்ணாது. எங்க கடைக்கு வர்றவங்க பாதி பேரு "நரம்பு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு போறாங்க, நரம்பு சரியாயிட்டு இருக்குன்னு நெனச்சுட்டு டீ, பன் அது பாட்டுக்கு ஓடும் :)

12 வருசம் மெட்பார்மின் போட்டிருக்கீங்க, ரத்தத்துல பி12 வைட்டமின் அளவு எப்பவாச்சும் பாத்தீங்களா? மெட்பார்மின் ரொம்ப நாள் போட்டா பி12 குறையலாம், பி12 குறைஞ்சாலும் இதே மாதிரி தான் கால் மதமதக்கும், எல்லாத்தையும் சுகர் தலையிலயே போட்டுடறோம். அதுக்காக மெட்பார்மின நீங்களா நிறுத்திடாதீங்க, பி12க்கு ஊசியும் மாத்திரையும் இருக்கு. அதே மாதிரி இத படிச்சுட்டு நாளையில இருந்து பட்டினி கிடந்து சுகர தடாலடியா எறக்கவும் வேண்டாம், ரொம்ப நாள் ஏறிக் கிடந்த சுகர் வேகமா இறங்கினா சில பேருக்கு எரிச்சல் இன்னும் அதிகமாகும். டாக்டர் சொல்ற வேகத்துல இறக்குங்க.

பசுமை வைத்தியம்

இங்கிலீஷ் மருந்தெல்லாம் வேஸ்ட் சகோ. பொறுக்குற சூட்டுல வெந்நீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, அரை மணி நேரம் காலை ஊற வைங்க, 48 நாள் செஞ்சா எரிச்சல் பறந்து போகும்.

வேலூர்க்காரி

பொறுக்குற சூடு யாருக்கு சார்? ஊசி ஏறினதே தெரியாத காலுக்கு சூடு எப்படி தெரியும்? நான் ஸ்டாஃப் நர்ஸ், டிரஸ்ஸிங் ரூம்ல 14 வருசம். வெந்நீர்ல வெந்து போன காலுங்க எத்தனை பாத்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல. அண்ணா தயவு செஞ்சு இத செய்யாதீங்க, வெந்நீர் ஒத்தடம் பையும் வேண்டாம், குளிக்கிற தண்ணிய கூட அண்ணிய தொட்டு பாக்க சொல்லிட்டு ஊத்துங்க.

நீங்க எரிச்சலுக்கு வழி கேட்டிருக்கீங்க, ஆனா உங்க போஸ்ட்ல எனக்கு பயமா இருக்கறது அந்த கடைசி ரெண்டு வரி தான். எரியற கால்ல ஊசி குத்தினது எப்படி தெரியாம போகும்னு எல்லாரும் கேப்பாங்க. பழைய லேண்ட்லைன் போன்ல லைன் கெட்டு போச்சுன்னா கரகரன்னு சத்தம் மட்டும் வரும், எதிர்ல பேசறது கேக்காது இல்ல, அது மாதிரி தான். எரிச்சல்ங்கறது கெட்டுப்போன நரம்பு சும்மா போடற சத்தம், நெஜமான குத்து மேல போய் சேர்றதில்ல. சில பேருக்கு கொஞ்ச வருசத்துல எரிச்சலும் தானா நின்னுடும், சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, பாத்தா கால் சுத்தமா மரத்துப் போயிருக்கும்.

மஞ்சள் வச்சத விடுங்க, டிடி ஊசி, அதான் டெட்டனஸ் வராம இருக்க போடறது, போட்டீங்களா? காயம் இப்ப எப்படி இருக்கு? சிவப்பு, சூடு, கசிவு, வாடை எது இருந்தாலும் இன்னிக்கே போங்க, வலி இல்லையேன்னு உக்காராதீங்க. காயமே இல்லாம ஒரு கால் மட்டும் வீங்கி சூடா இருந்தாலும் அப்படித்தான், சுளுக்குன்னு நீவி விட்டுட்டு நடந்தா உள்ள எலும்பு நொறுங்கி பாதத்தோட ஷேப்பே மாறிடும், சார்கோட்னு சொல்லுவாங்க, மாவுக்கட்டு போட்டு மாசக்கணக்குல உக்கார வச்சுடுவாங்க.

கை விஷயம் தனியா காட்டுங்க. சுகர்ல நீளமான நரம்பு தான் முதல்ல அடி வாங்கும், அதனால கால் விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறும், முழங்கால் கிட்ட வந்த பிறகு தான் பொதுவா கைக்கு வரும், வந்தாலும் ரெண்டு கைக்கும் வரும். உங்களுக்கு ஒரு கைல, அதுவும் பெருவிரல் பக்கம் மூணு விரல் மட்டும்னா மணிக்கட்டுல நரம்பு நசுங்கற கேஸா இருக்கலாம், சுகர் இருக்கறவங்களுக்கும் நாள் பூரா கைவேலை செய்யறவங்களுக்கும் அது சகஜம், அதுக்கு வைத்தியம் வேற.

க்யூசி அம்மிணி, அவிநாசி

அண்ணா நானும் பனியன் கம்பெனி தானுங்க, எக்ஸ்போர்ட்ல செக்கிங். எங்க கம்பெனில ஊசி ஒடஞ்சா எல்லா துண்டையும் தேடி ரெஜிஸ்டர்ல ஒட்டி காட்டுனா தான் புது ஊசி குடுப்பாங்க, ஒரு துண்டு கொறஞ்சாலும் அந்த பண்டல் பூராத்தையும் மெட்டல் டிடெக்டர்ல விடணும். உங்க கால்ல இருந்து புடுங்குன ஊசி முழுசா வந்துச்சான்னு சேத்து வெச்சு பாத்தீங்களா?

பனியன்காரன்

இல்லீங்க அம்மிணி. குப்பையில போட்டுட்டேன். நீங்க கேட்டதுல இருந்து திக்குன்னு இருக்கு.

கரிசல் தாத்தா, கோவில்பட்டி

தம்பி, எனக்கு 68. இடது கால்ல ரெண்டு விரல் கிடையாது. எப்படி போச்சுன்னு கேளுங்க. சித்திரை மாசம் உச்சி வெயில்ல எங்க ஊர் கோயில்ல பிரகாரம் சுத்துனேன், எல்லாரும் சுடுது சுடுதுன்னு குதிச்சு ஓடுதாங்க, நான் மட்டும் நிதானமா நடந்து வாரேன், என் சம்சாரம் கூட "உங்களுக்கு சுடலையா"ன்னு கேட்டா, சாமி மேல நினைப்பு இருந்தா சுடாதுன்னு பெருமையா சொன்னேன் பாத்துக்கோங்க. மறுநாள் காலைல பாதத்து தோல் முட்டைத்தோடு மாதிரி கழண்டு வருது. பக்தின்னு நெனச்சது பூரா நரம்பு செத்துப்போனதுதான். ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி, அப்புறம் ரெண்டு விரலையும் எடுத்துட்டாங்க.

வெறுங்கால் நடை வேண்டாம். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு, நம்ம காலு தான் கோவிச்சுக்கும்.

எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்க, கருப்பா மெத்துன்னு இருக்கும், பின்னாடி வார் வச்சது, விரல் இடுக்குல பட்டை இல்லாத மாடலா பாத்து வாங்கணும். சாயங்காலமா போய் வாங்குங்க, கால் அப்பத்தான் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியா அமையும். இந்த மாதிரி செருப்பு முதல்ல தொழுநோய்க்காரங்களுக்காக வந்தது, வேலூர்ல பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர் இருந்தாரு, கொல்லிமலையில பொறந்த வெள்ளைக்காரர், 1946ல வேலூர் வந்தாரு. நோய் விரல அரிச்சு தின்னுட்டுப் போகுதுன்னு ஊரே நம்பிட்டு இருந்தப்ப, வலி தெரியாம சூட்டுலயும் கல்லுலயும் பட்டுப் பட்டுத்தான் விரல் போகுதுன்னு கண்டுபிடிச்சவரு. வார்டுல பக்கத்து பெட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும், முன்னாடியே தெரிஞ்சிருந்தா விரல் மிஞ்சியிருக்கும்.

வேலூர்க்காரி

தாத்தா நல்லா சொன்னீங்க. இதோட சேத்து, தினமும் ராத்திரி உள்ளங்கால கண்ணாடி வச்சு பாருங்க அண்ணா, குனிய முடியலைன்னா அண்ணிய பாக்க சொல்லுங்க, விரல் இடுக்கு விடாம. பித்தவெடிப்புக்கு தேங்காண்ணெய் தடவலாம், ஆனா விரல் இடுக்குல தடவ வேண்டாம், ஈரம் நின்னு சேத்துப்புண் வரும். கால் ஆணிக்கு கடையில விக்கற பிளாஸ்திரி, பிளேடு ரெண்டும் தொடாதீங்க, பிளாஸ்திரில இருக்கற ஆசிட் நல்ல தோலையும் சேத்து அரிக்கும்.

பனியன்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க, 9 நாள் கழிச்சு எழுதறேன். ஜிஹெச் போனேன். எக்ஸ்ரேல ஊசி மொனை உள்ளயே இருக்குதுங்க, பெருவிரலுக்கு கீழ, அரிசி அளவுக்கு. மேல காயம் மூடியிருச்சு, உள்ள சீழ். கீறி எடுத்தாங்க, மரப்பு ஊசி போடறப்ப கூட எனக்கு ஒண்ணும் தெரியல. டிடி போட்டாச்சு, ஆன்டிபயாடிக் குடுத்திருக்காங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங். அம்மிணி நீங்க அந்த கேள்வி கேக்கலைன்னா நான் எக்ஸ்ரே பக்கமே போயிருக்க மாட்டேன்.

நைலான் நரம்பு மாதிரி ஒரு கம்பி, 10 கிராம் அழுத்துனா வளையுமாம், அத வெச்சு கண்ண மூடச் சொல்லி ஒவ்வொரு காலுலயும் 10 எடத்துல தொட்டாங்க. வலது கால்ல 4, இடது கால்ல 3 தான் சொன்னேன். நான் கண்ண மூடி தெரியலைங்கறேன், பக்கத்துல சம்சாரம் "இப்பத்தான தொட்டாங்க"ங்கறா. அழுதுட்டா பாவம்.

பி12 168, கம்மின்னு ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. பிரெகாபலின் டோஸ கொறச்சு தினமும் நைட்டு போடறேன், தலைசுத்தல் பரவால்ல, ரெண்டு நாளா போர்வை போத்தி தூங்கறேன். கை மணிக்கட்டு பிரச்சனை தானாம், நைட்டு கட்டிக்க ஒரு பட்டி குடுத்தாங்க. சுகருக்கு இன்னொரு மாத்திரை சேத்திருக்கு, டீயில சக்கரைய நிறுத்திட்டேன், பன்ன இன்னும் முழுசா நிறுத்தல, பொய் சொல்ல மாட்டேன்.

பழனிக்கு சம்சாரம் நடக்கறேன்னு சொல்லிட்டா, நான் பஸ்ல போய் விஞ்ச்ல ஏறிக்கறேன். மனசு கஷ்டமா தான் இருக்கு, 19 வருசம் விடாம நடந்தவன். எங்க பவர்டேபிள்ல செருப்ப வாசல்ல கழட்டிட்டு தான் உக்காரணும், ஊசி ஏறுனதே அதனால தான். ஓனர் கிட்ட சொன்னேன், உள்ளுக்குள்ள மட்டும் போடறதுக்கு தனியா ஒரு செருப்பு வெச்சுக்கடான்னுட்டாரு. எம்சிஆர்ல ரெண்டு ஜோடி சொல்லியிருக்கேன், ஒண்ணு வெளிய, ஒண்ணு மிசினுக்கு.

க்யூசி அம்மிணி, அவிநாசி

சந்தோசங்ண்ணா. மிசின் செருப்ப ஒவ்வொரு தடவையும் தட்டிட்டு, உள்ள கைய விட்டு தடவி பாத்துட்டு போடுங்க. ஊசித்துண்டு கீழ தான கெடக்கும்.