சட்ட வலிமை இல்லாத நடத்தை நெறியை அந்நியச் செலாவணிச் சந்தை ஏன் ஏற்கிறது?

கேள்வி: பொருளியல் மாணவி

வங்கி டீலர்கள் அரட்டை அறைகளில் வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, நாணய மாற்றுக்கு அளவுகோலாகப் பயன்படும் லண்டனின் மாலை நான்கு மணி நிர்ணய விகிதத்தைத் தங்களுக்குச் சாதகமாக நகர்த்த முயன்றதற்காக, 2014 நவம்பரில் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் ஐந்து வங்கிகளுக்குச் சுமார் 110 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அதன் பின்னர் வந்த உலகளாவிய நடத்தை நெறியைத் தயாரித்தவர்களுள் சந்தையில் இருப்பவர்களும் அடங்குவர் என்று படித்தேன். குற்றம் நிகழ்ந்த துறையிடமே விதி எழுதும் பணியை ஒப்படைத்தது ஏன்? அதை மீறினால் என்ன ஆகும்?

பதில்: வங்கிக் கருவூலத்தில் பணியாற்றியவர்

துறையினர் தனியாக எழுதவில்லை. 2015 மே மாதம், மத்திய வங்கிகளுக்கான வங்கியான பன்னாட்டுத் தீர்வு வங்கியின் முன்முயற்சியில் 16 மத்திய வங்கிகள் கொண்ட பணிக்குழு அமைந்தது. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் கை டெபெல் அதற்குத் தலைமை வகித்தார். இந்திய ரிசர்வ் வங்கியும் அதில் இருந்தது. சந்தைப் பங்கேற்பாளர்களின் குழுவை, செலாவணி வர்த்தகங்களுக்குத் தீர்வு செய்யும் சிஎல்எஸ் நிறுவனத்தின் டேவிட் பூத் வழிநடத்தினார். வரைவுகள் பல நாடுகளின் செலாவணிக் குழுக்களுக்குச் சென்று, கருத்துகளுடன் திரும்பி வந்தன. முதற்பகுதி 2016 மே மாதமும், 55 கோட்பாடுகள் கொண்ட முழு நெறி 2017 மே மாதமும் வெளியாயின. நாளொன்றுக்கு 5.1 லட்சம் கோடி டாலர் கைமாறிய, ஒரே பங்குச் சந்தை போன்ற மையம் இல்லாத, பல நாட்டு எல்லைகளைக் கடக்கும் வணிகத்தை ஒரு நாட்டின் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலாது என்பதே இந்த வழியைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

பதில்: நிதி மேலாண்மை நிறுவனத்தில் இருப்பவர்

மேலே சொன்னது சரிதான். ஆயினும் உண்மையான இழுபறியைக் காண ‘லாஸ்ட் லுக்’ குறித்த 17ஆம் கோட்பாட்டைப் பாருங்கள். டீலர் காட்டிய விலையை வாடிக்கையாளர் ஏற்ற பிறகும், அந்த ஆர்டரை நிறைவேற்றுவதா மறுப்பதா என்று முடிவெடுக்க டீலருக்குச் சிறிது நேரம் கிடைக்கும் வழக்கம் அது. அந்த இடைவெளியில், வாடிக்கையாளரின் கோரிக்கையிலிருந்து கிடைத்த தகவலைக் கொண்டே டீலர் தன் கணக்கில் வர்த்தகம் செய்யலாமா? 2017 மே வாசகம், அது நல்ல நடைமுறைக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்ற அளவில் நின்றது. மேலும் கருத்துகள் கேட்கப்பட்ட பிறகு, அதே டிசம்பரில் அவ்வாறு செய்யக் கூடாது என்று மாற்றப்பட்டது. விலை கொடுப்பவரும் விலை பெறுபவரும் ஒரே மேசையில் இல்லாதிருந்தால் இந்த ஒரு சொல் மாறியிருக்காது என்பதே என் எண்ணம்.

பதில்: வங்கிக் கருவூலத்தில் பணியாற்றியவர்

மீறல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நெறிக்கென்று தனி நீதிமன்றமோ அபராதமோ இல்லை. நிறுவனங்கள் உறுதிமொழி அறிக்கையில் கையொப்பமிட்டுப் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. தம்முடன் வணிகம் செய்வோரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மத்திய வங்கிகள் எதிர்பார்க்கின்றன. பிரிட்டனின் ஆணையம் 2019இல் இந்நெறியை அதிகாரபூர்வமாக அங்கீகரித்ததால், அங்குள்ள நிறுவனங்களின் ஊழியர் ஒருவரது நடத்தையை எடைபோடும்போது இதையும் கணக்கில் கொள்ள முடியும். வங்கிகளைக் காட்டிலும் நிதி மேலாண்மை நிறுவனங்கள் கையொப்பமிடத் தயங்கியதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது, ஏனெனில் டீலர்களின் நடைமுறைகளைக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் இல்லாத இடத்தில், விலை கொடுப்பவர் நெறியின் 2021 திருத்தத்துக்குப் பின், ஆர்டர்களைக் கையாளும் விதத்தை விளக்கி நிரப்பித் தரும் வெளிப்படுத்தல் படிவத்தைப் படிக்கவும் ஆளிருக்காது.