ஆபீஸ் முடிஞ்சு வந்து அரை மணி நேரத்துல நைட் சாப்பாடு, பசங்களுக்கு என்னதான் செய்றீங்க?

மழலைமொழி:

ஹாய் பிரண்ட்ஸ், நானும் அவரும் ரெண்டு பேருமே வேலைக்கு போறோம். நான் கிண்டில டிரெயின் பிடிச்சு தாம்பரத்துல இறங்கி, டேகேர்ல இருந்து சின்னவளை கூட்டிட்டு வீட்டுக்குள்ள நுழையறப்போ ஏழேகால் ஆயிடுது. பெரியவனுக்கு ஒம்போது வயசு, டியூஷன் முடிச்சு வந்து பசியோட உக்காந்திருப்பான். சின்னவளுக்கு அஞ்சு, எட்டு மணிக்குள்ள தட்டு வைக்கலைன்னா சாப்பிடாமலே சோபால தூங்கிடுவா. அதனால எனக்கு கிடைக்கறது அரை மணி நேரம், மிஞ்சிப்போனா நாப்பது நிமிஷம்.

இப்போதைக்கு தோசை பொடி, மறுநாள் தோசை தக்காளி சட்னி, அதுக்கு மறுநாள் ஊத்தப்பம்னு போயிட்டு இருக்கு. மாவு தீர்ந்த அன்னைக்கு நூடுல்ஸ், வாரத்துல ரெண்டு தடவையாவது ஆயிடுது, அதை நிறுத்தணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. பசங்க வளர்ற வயசுல ராத்திரி பருப்போ காயோ முட்டையோ ஏதாவது ஒண்ணு உள்ள போகணும்னு மனசு அடிச்சுக்குது. சின்னவ காரமே தொட மாட்டா, பெரியவனுக்கு காரம் இல்லைன்னா இறங்காது, ரெண்டு பேருக்கும் தனித்தனியா செய்ய நேரம் இல்ல. கறி மீன் எல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான், முட்டை எப்ப வேணா ஓகே.

உங்க வீட்ல நிஜமாவே நடக்கறதை சொல்லுங்க ப்ளீஸ், யூட்யூப்ல பத்து நிமிஷ டின்னர்னு போட்டுட்டு எல்லாத்தையும் முன்னாடியே நறுக்கி கிண்ணத்துல வச்சிருக்காங்க, அதை நறுக்கறதுக்கே எனக்கு இருபது நிமிஷம் ஆகும்.

கொங்குக்கிளி:

மழலை, கோயமுத்தூர் பக்கம் இதுக்கு ஒரே பதில்தாங்க, அரிசிம்பருப்பு சாதம். எங்க வீட்ல அம்மா காலத்துல இருந்தே அவசரத்துக்கு இதான், இப்ப என் பசங்களுக்கும் இதான். அளவு சொல்றேன், நாலு பேருக்கு சரியா இருக்கும். பொன்னி அரிசி ஒண்ணரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், ரெண்டையும் சேர்த்து கழுவி, உள்ள வந்ததும் மொத வேலையா தண்ணில போட்டுட்டு போய் முகம் கழுவி டிரஸ் மாத்திட்டு வாங்க. அந்த பத்து நிமிஷம் ஊறினா போதும்.

குக்கர்ல எண்ணெய் விட்டு கடுகு, சீரகம் கொஞ்சம் தாராளமா, கறிவேப்பில, அப்புறம் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டு பல் பூண்டு தட்டிப் போடுங்க. வெங்காயம் நல்லா கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் வதக்கணும், இதுல அவசரப்பட்டீங்கன்னா டேஸ்ட்டே வராதுங்க, மொத்த ருசியும் அந்த சின்ன வெங்காயத்துலதான் இருக்கு. அப்புறம் ஒரு தக்காளி, மஞ்சப்பொடி, உப்பு, ஆறு டம்ளர் தண்ணி, கொதி வந்ததும் அரிசி பருப்பு, மூணு விசில், அஞ்சு நிமிஷம் சிம்ல, அவ்வளவுதான். பிரஷர் அடங்கி திறக்கறப்போ மேல தண்ணியா நிக்கற மாதிரி தெரியும், பயப்படாதீங்க, கரண்டியால ஒரு கிளறு கிளறி மூடி வச்சா தட்டு எடுத்து வைக்கறதுக்குள்ள கெட்டியாயிடும்.

காரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்னா மொளகாயே குக்கர்ல போட மாட்டேன். சின்னவளுக்கு நெய் ஊத்தி அப்படியே எடுத்து வச்சிருவேன், மிச்சத்துக்கு ஒரு கரண்டி எண்ணெய்ல ரெண்டு வரமொளகாய் கிள்ளிப்போட்டு கொஞ்சம் மொளகுப்பொடி தூவி மேல கொட்டினா பெரியவங்களுக்கு ஆச்சு. தொட்டுக்க அப்பளம், ஊறுகாய், கெட்டித் தயிர். கேரட் பீன்ஸ் பட்டாணி எது இருந்தாலும் உள்ளயே போட்டுறலாம், நான் முருங்கைக்கீரை இருந்தா ரெண்டு கை போடுவேன், குழந்தைங்களுக்கு தெரியவே தெரியாது.

சின்ன வெங்காயம் உரிக்கறதுதான் இதுல பெரிய வேலை. அதை ஞாயித்துக்கிழமை டிவி பாத்துட்டே அரைக்கிலோ உரிச்சு, ஈரம் இல்லாம மூடி போட்ட டப்பால பேப்பர் விரிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க, அந்த வாரம் பூரா வரும்.

ரெண்டு_பொண்ணு_அப்பா:

வணக்கம் சிஸ்டர். எங்க வீட்ல ராத்திரி சமையல் என் பொறுப்பு, மனைவிக்கு ஷிப்ட் வேலை. ரெசிபிய விட எனக்கு உதவினது என்னன்னா, இன்னைக்கு ராத்திரி என்னங்கற முடிவை சாயங்காலம் எடுக்கவே கூடாது. ஏழு மணிக்கு பசியில இருக்கற குழந்தைங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுகிட்டு ஃப்ரிட்ஜை திறந்து யோசிச்சா யாருக்கா இருந்தாலும் நூடுல்ஸ்தான் தோணும், அது உங்க சோம்பேறித்தனம் கிடையாது, அந்த நேரத்துக்கு மூளை அவ்வளவுதான் ஓடும். அதனால நாங்க கிழமைக்கு ஒண்ணுன்னு வச்சிட்டோம். திங்கள் இட்லி தோசை, செவ்வாய் குக்கர் சாதம் ஏதாவது ஒண்ணு, புதன் சப்பாத்தி, வியாழன் சேவையோ சேமியாவோ, வெள்ளி இருக்கறதை வச்சு. ஒவ்வொரு வாரமும் சாதம்னா தக்காளி சாதமா அரிசிம்பருப்பான்னு மாறும், ஆனா செவ்வாய்னா குக்கர்ங்கறது மாறாது. பசங்களுக்கும் தெரிஞ்சிருக்கறதால என்ன என்னன்னு கேக்கறது நின்னு போச்சு.

சப்பாத்தி நாளுக்கு மாவை காலைலயே பிசைஞ்சு மேல எண்ணெய் தடவி, காத்து போகாத டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருவேன், ஒரு நாள் தாராளமா தாங்கும், எண்ணெய் தடவலைன்னாதான் மேல கறுத்துப் போகும். வந்ததும் மொதல்ல அதை வெளிய எடுத்து வச்சிட்டு, பாசிப்பருப்பு ஒரு டம்ளர் கழுவி தக்காளி, வெங்காயம், பூண்டு எல்லாம் ஒண்ணா குக்கர்ல போட்டு மூணு விசில் விடுவேன். பாசிப்பருப்புக்கு ஊற வைக்கற வேலை இல்ல, சீக்கிரம் வெந்துடும். நான் தேய்ச்சு போட போட பெரியவ அடுப்புகிட்ட நின்னு திருப்புவா, சின்னவ பக்கத்துல உக்காந்து கொத்தமல்லி ஆய்ஞ்சு குடுப்பா. தான் ஆய்ஞ்ச கொத்தமல்லின்னா பருப்புல கிடந்தாலும் எடுத்துப் போடாம சாப்பிட்டுடறா.

சப்பாத்தி நாலைஞ்சு வேணும்னே அதிகமா போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிக்கோங்க, வெள்ளிக்கிழமை கொத்து சப்பாத்தி. கத்திரிக்கோலால நீளநீளமா வெட்டிட்டு, பெரிய வெங்காயம், தக்காளி, கொஞ்சம் கோஸ், கேரட் வதக்கி மூணு முட்டை உடைச்சு ஊத்தி, முட்டை பாதி வெந்ததும் சப்பாத்தியை போட்டு ரெண்டு கரண்டி வச்சு கொத்துங்க. அந்த டக்கு டக்கு சத்தத்துக்கே ரெண்டும் ஓடி வந்துரும், எங்க வீட்ல பரோட்டா கடைன்னே பேரு. சின்னவளுக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்துல மொளகுத்தூள் போடுங்க.

அப்புறம் சிஸ்டர், உங்க வீட்டுக்காரரும் வேலைக்கு போறாருன்னு எழுதியிருக்கீங்க, ஏழேகாலுக்கு அவர் எங்க இருப்பாருன்னு எழுதல. நறுக்கறதுக்கு இருபது நிமிஷம்னா அது அவர் வேலையா இருக்கட்டும், ராத்திரி பாத்திரம் கழுவினதுக்கு அப்புறம் மறுநாள் காயை நறுக்கி டப்பால போட்டு வைக்கலாம். நான் உரிமையா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பொருநைப்பொண்ணு:

அக்கா, அரிசிம்பருப்புக்கு எங்க திருநெல்வேலில ஒரு தங்கச்சி உண்டு, உளுந்தஞ்சோறு. வளர்ற பிள்ளைகளுக்கு, முக்கியமா பொம்பளப் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு நல்லதுன்னு எங்க ஆச்சி வாராவாரம் வடிச்சுப் போடுவாவ. தொலி உளுந்து, உடைச்ச கறுப்பு உளுந்து இருக்கும்லா, அது அரை டம்ளர் வெறும் சட்டில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, ஒரு டம்ளர் அரிசியோட சேர்த்து கழுவி, பத்து பதினஞ்சு பல் பூண்டு முழுசா, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், கால் மூடி தேங்காத் துருவல், உப்பு, நாலு டம்ளர் தண்ணி. எல்லாத்தையும் குக்கர்ல ஒண்ணா போட்டு நாலு விசில். தாளிப்பு கூட கிடையாது. காரமே இல்லாததால உங்க சின்னவளுக்கு அப்படியே குடுக்கலாம், கூட ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்.

பெரியவனுக்கு எள்ளுத் துவையல். அதுக்கு எள்ளு, உளுந்து, மொளகா வத்தல் மூணையும் ஞாயித்துக்கிழமையே வறுத்து ஆறவச்சு டப்பால போட்டுட்டா, ராத்திரி கொஞ்சம் தேங்காயும் புளியும் உப்பும் வச்சு மிக்சில ரெண்டு சுத்து சுத்துனா முடிஞ்சுது. எள்ளை மட்டும் படபடன்னு பொரியும்போதே இறக்கிருங்க, கொஞ்சம் கூடிப்போனாலும் கசந்துரும்.

நூடுல்ஸ் கேக்குற பிள்ளைக்கு நான் குடுக்கறது இடியாப்ப சேவை, கடைல காஞ்ச பாக்கெட்டா கிடைக்கும். கொதிக்கற தண்ணில உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்டு சேவையை போட்டு அடுப்பை அணைச்சுட்டு மூடி வைங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல விரலால நசுக்கிப் பாத்து வெந்திருந்தா வடிச்சு பச்சைத்தண்ணி ஊத்திருங்க, அப்பதான் ஒட்டாது. இதுல பாதிக்கு எலுமிச்சம்பழம், வேர்க்கடலை, மீதிக்கு முட்டையும் காயும். ஃபோர்க் குடுத்தா போதும், நூடுல்ஸ்னே நெனச்சு சாப்பிடும்.

வெள்ளைச்சீருடை:

எல்லா ஐடியாவும் சூப்பர். நான் நர்ஸா வேலை பாக்கறேன், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் ஏன்னா வேலைக்கு போற வீடுகள்ல இது நிறைய நடக்குது. காலைல லஞ்சுக்கு வடிச்ச சாதம் மேடை மேலயே இருக்கும், ராத்திரி அதை ஃப்ரைட் ரைஸ் ஆக்கி பசங்களுக்கு குடுத்துடலாம்னு தோணும். வேணாம். சோறு வெந்தாலும் சாகாத ஒரு கிருமி இருக்கு, பேசிலஸ் சீரியஸ்னு பேரு, நம்ம ஊர் சூட்டுல சாதம் வெளிய இருக்க இருக்க அது பெருகி விஷத்தை விட்டுடும், அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தியும் வயித்துவலியுமா வரும். ராத்திரிக்கு சாதம் வேணும்னா காலைல வடிச்சதும் அகலமான தட்டுல பரப்பி ஆறவிட்டு, கிளம்பறதுக்கு முன்னாடி டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. அப்படி எடுத்து வச்ச சாதம் ஃப்ரைட் ரைஸ்க்கு உதிரியா இன்னும் நல்லா வரும், எடுத்ததும் ஆவி பறக்க சூடு பண்ணி உடனே குடுத்துடுங்க.

மழலைமொழி:

ஐயோ எல்லாருக்கும் கோடி நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல. கிழமைக்கு ஒண்ணுங்கறது ரொம்ப பிடிச்சிருக்கு, அவர்கிட்ட காட்டினேன், காய் நறுக்கறதும் சின்ன வெங்காயம் உரிக்கறதும் இனிமே அவர்துன்னு ஒத்துகிட்டார், அண்ணாவுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ். எங்க வீட்டு லிஸ்ட்: திங்கள் தோசை, செவ்வாய் அரிசிம்பருப்பு, புதன் சப்பாத்தி பருப்பு, வியாழன் சேவை, வெள்ளி கொத்து சப்பாத்தி. உளுந்தஞ்சோறு சனிக்கிழமை மதியம் மொதல்ல செஞ்சு பாக்கறேன் தங்கச்சி, அவங்களுக்கு பிடிச்சா செவ்வாய்க்கு மாத்தி மாத்தி வச்சுக்கறேன்.

ஒரு டவுட். அடை எங்க வீட்ல எல்லாருக்கும் உயிர், ஆனா ஊற வச்சு அரைக்கணுமேன்னு விட்டுட்டேன். காலைல எட்டு மணிக்கு ஊற வச்சு ராத்திரி ஏழேகாலுக்கு அரைச்சா பருப்பு புளிச்சு நாத்தம் வராதா? காரத்துக்கு மொளகாய் சேர்த்துதானே அரைக்கணும், சின்னவளுக்கு என்ன பண்றது?

அடுப்பங்கரை_ஆச்சி:

கண்ணு, வெளிய வச்சா வரும், அதுவும் வெயில் காலத்துல கேக்கவே வேணாம். அரிசி பருப்பை கழுவி தண்ணி ஊத்தி பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு போ, பதினோரு மணி நேரம் இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, பதமா ஊறி இருக்கும். இட்லி அரிசி ஒண்ணரை டம்ளர், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை டம்ளர், உளுந்து ஒரு கைப்பிடி. அடைக்கு புளிக்க வைக்க வேணாம், மிக்சில கொரகொரன்னு அரைச்சு உடனே ஊத்தலாம், நைசா அரைச்சிட்டா தோசையாட்டம் ஆயிடும்.

மொளகாயை சேர்த்து அரைக்காத. சோம்பு, பெருங்காயம், உப்பு மட்டும் வச்சு அரைச்சிட்டு, ரெண்டு கரண்டி மாவு சின்னதுக்கு தனியா எடுத்து கேரட் துருவிப்போட்டு குட்டி குட்டியா ஊத்து. மிச்ச மாவுல வெங்காயம், மொளகாத்தூள், கீரை எல்லாம் கலந்துக்கோ. கல்லுல ஊத்தினதும் நடுவுல ஒரு ஓட்டை போட்டு அதுலயும் எண்ணெய் விட்டாத்தான் நடு வேகும், அனலை குறைச்சு வை. தொட்டுக்க வெல்லமோ வெண்ணெயோ போதும், சட்னி அரைக்கணும்னு கிடையாது.

மிஞ்சின மாவு மறுநாள் ராத்திரி வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல தாங்கும், ஆனா வெங்காயம் கலந்த மாவை வைக்காத, கலக்காததை மட்டும் வை.