69% சேர்க்கையில் குளறுபடி: ஆர்ப்பாட்டமா, வழக்கா?

வைகைக்கரை: அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் முதுகலைச் சேர்க்கையில் 69% இடஒதுக்கீடு சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று பேச்சு. மாணவர் அமைப்புகள் சேர்ந்து ஆர்ப்பாட்டம் நடத்தப் போகின்றன. நேராக நீதிமன்றம் போகலாம் என்பது சிலர் கருத்து. எது முதலில்? 'சமூகநீதியைக் காப்போம்' துண்டறிக்கை தயார்.

பட்டியல்வாசி: துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்காதீர்கள், அதில் ஒரு எண்கூட இல்லை. முதலில் அது சிறுபான்மைக் கல்லூரியா என்று பாருங்கள். அரசியல் சட்டம் 15(5) அவற்றுக்கு விலக்கு தருகிறது. இல்லையென்றால் கணக்கு இது: பொது 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியர் 3), எஸ்.டி. 1.

அடிக்கடி நடக்கும் கோளாறு பொதுப் பிரிவில்தான். அந்த 31 யாருக்கும் சொந்தமில்லை, மதிப்பெண்படி எந்தச் சாதிக்காரரும் வரலாம். நல்ல மதிப்பெண் எடுத்த பி.சி. மாணவரைப் பொதுவில் வைக்காமல் பி.சி. கணக்கில் தள்ளிவிடுவார்கள், கீழே ஒருவர் இடம் இழப்பார். கண்டுபிடிக்க ஒரு வழி: பொதுவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் பி.சி.யில் கடைசியாகச் சேர்ந்தவரைவிடக் குறைவாக இருந்தால் தோண்டிப் பாருங்கள்.

தகவல் உரிமை மனுவில் பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். வரிசை எண், மதிப்பெண், இனம், எந்தப் பிரிவில் இடம் என நான்கு பத்தி போதும். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை, 30 நாள் கெடு. சேர்க்கை தொடங்கிய பிறகு போட்டால் பதில் வரும்போது வகுப்பே ஆரம்பித்திருக்கும். கடந்த ஆண்டுப் பட்டியலை மார்ச்சிலேயே கேட்டு வாங்குங்கள்.

செங்காந்தள்: இரண்டில் ஒன்று என்ற கேள்வியே சரியில்லை. மருத்துவ அகில இந்தியத் தொகுப்பில், அதாவது மாநிலங்கள் மத்திய ஒதுக்கீட்டுக்கு விட்டுத்தரும் மருத்துவ இடங்களில், ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்ட போராட்டத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் தமிழகக் கட்சிகள் நேராக உச்ச நீதிமன்றம் போனபோது, இடஒதுக்கீடு அடிப்படை உரிமை அல்ல, உயர் நீதிமன்றம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஜூலை 27இல் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத் தடை ஏதுமில்லை என்றது. (1950இல் கம்யூனல் ஜி.ஓ. எனும் வகுப்புவாரி ஒதுக்கீட்டு அரசாணையை அதே நீதிமன்றம் செல்லாது என்றதும் ஒரு ஜூலை 27தான்!) ஆனாலும் அந்த ஆண்டு ஒன்றும் கிடைக்கவில்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தம் தொடர்ந்ததால்தான் 2021 ஜூலை 29இல் 27% அறிவிப்பு வந்தது. கேட்டது 50, கிடைத்தது 27 என்பதையும் மறக்க வேண்டாம்.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீடும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரிடம் கிடந்தது. ராஜ்பவன் முன் ஆர்ப்பாட்டம் அக்டோபர் 24, அரசாணை 29, ஒப்புதல் 30. கலந்தாய்வு நெருங்கியதுதான் அதற்கு வலு. தேதி பார்த்துக் கூட்டம் சேருங்கள்.

நாலாம்_கேட்: அனுமதி விஷயம். சென்னையில் மாநகரக் காவல் சட்டம் 41ஆம் பிரிவுப்படி 5 நாளுக்கு முன் மனு. மாவட்டங்களில், கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கும் காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, பொறுப்பாளர், ஒலிபெருக்கி எல்லாம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாக மறுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் காட்ட முடியும். வெள்ளி மாலை மறுப்பு, ஞாயிறு ஆர்ப்பாட்டம் என்றால் கதை முடிந்தது, அதனால் மனுவை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

வைகைக்கரை: துறையில் மொத்தமே 20 இடம். எஸ்.டி.க்கு 0.2 வருகிறது, இதை எப்படிக் கேட்பது?

பட்டியல்வாசி: துறைவாரியாகப் பிரித்தால் ஆண்டுதோறும் பூஜ்யம்தான். எல்லாத் துறையையும் கூட்டிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இதுவே கோரிக்கையின் முதல் வரியாக இருக்கட்டும்.