பேஸல் இன்சுலினுக்கு ‘அடியூற்று’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டுக்காகப் போடுவது போக, நாள் முழுக்க உடலுக்குத் தேவைப்படும் இன்சுலினை ஆங்கிலத்தில் பேஸல் (basal) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘அடிப்படை இன்சுலின்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, அது போதாதா என்று நேற்றைய மடலில் கேட்டிருந்தீர்கள். போதாது. என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. போன வருடம் ஒரு நாள் இரவு காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்திருந்தாள். “பிள்ளை ஒரு வாய்கூடச் சாப்பிடலையே, ஊசி எதுக்கு?” என்றார் என் அம்மா. கையேட்டைக் காட்டினேன். ‘அடிப்படை இன்சுலின்’ என்றுதான் போட்டிருந்தது. அம்மாவுக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் இரவு பகலாகச் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் இந்த ஊசி. முதல் வகையில் இதை நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். பெயரில் இதற்கு ஒரு குறிப்பாவது இருக்க வேண்டாமா?

நீண்ட நேரம் வேலை செய்வது என்ற பொருளில் ‘நீள்செயல் இன்சுலின்’ நல்ல சொல்தான், ஆனால் அது மருந்தின் குணம். பேஸல் என்பது அது பார்க்கும் வேலை. உடம்பில் மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு, சீக்கிரம் வேலை செய்யும் விரைவு இன்சுலினே நாள் முழுக்கத் துளித்துளியாகப் போய் இந்த வேலையையும் பார்க்கிறது. அங்கே ‘நீள்செயல்’ பொருந்தாது. ‘பேஸல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்றால், கிரந்தம் தவிர்ப்பவர்கள் கையில் அது ‘பேசல்’ ஆகி, வாயாடி இன்சுலினாகிவிடும்.

என் பரிந்துரை, அடியூற்று இன்சுலின். யாரும் இறைக்காவிட்டாலும் கிணற்றில் நீர் ஊறுகிறதல்லவா, அந்தப் பொருளில். முதலில் ‘அடியூறல்’ என்றுதான் எழுதினேன். ஊறல் என்றால் சாராயப் பானைதான் ஞாபகம் வருகிறது என்று மனைவி சிரித்ததால் விட்டுவிட்டேன்.

ஊற்று என்று சொன்னால் வற்றுவதையும் சொல்ல முடிகிறது. ஒரு நாளைக்கு எத்தனை ஊசி என்ற கேள்வியே அதில்தான் இருக்கிறது. 1946இல் டென்மார்க்கில் உருவான என்பிஎச் இன்சுலின் சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நாள் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் இருவேளை. இரவில் போட்டால் நடுச்சாமத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. 2000இல் வந்த கிளார்ஜின் என்ற இன்சுலின் ஓர் அமிலக் கரைசல். தோலுக்கடியில் போனதும் நுண்துகள்களாகப் படிந்து தங்கி, மெல்லக் கரையும். ஒருவேளை போதும் என்றுதான் வந்தது, ஆனால் எல்லாருக்கும் 24 மணி நேரம் தாங்குவதில்லை. என் மகளுக்கு இரவு 9 மணிக்குப் போடுவோம். மறுநாள் சாயங்காலம் 6 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். டாக்டர் அதையே இரண்டாகப் பிரித்துக் காலையும் இரவும் போடச் சொன்னார், ஏற்றம் அடங்கியது. அதற்காக இருவேளைதான் எல்லாருக்கும் உசத்தி என்று சொல்ல வரவில்லை. டெக்லுடெக் என்ற இன்னொரு இன்சுலினின் வேலை 42 மணி நேரத்தையும் தாண்டும். அதை இரண்டாகப் பிரிப்பதில் அர்த்தமில்லை. ஆக, ஊற்று தீரும் நேரத்துக்கு ‘வற்றுநேரம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இந்த ‘மருந்தளவு அதிர்வெண்’. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மருந்து என்பதற்கு (dosing frequency) ஒரு துண்டறிக்கையில் இப்படிப் பார்த்தேன். இன்சுலின் என்ன வீணைக் கம்பியா? நம் ஊர் மருந்துச்சீட்டில் தலைமுறைகளாக ‘இருவேளை’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘வேளைமுறை’ என்றால் ஒருவேளைமுறை, இருவேளைமுறை என்று தானாகப் பிரியும்.

இதில் ஒரு சிக்கல். ஐகோடெக் என்ற இன்சுலின் வாரத்துக்கு ஒரே ஊசி. முதல் வகையினரிடம் நடந்த ஆய்வில், தினமும் டெக்லுடெக் போட்டவர்களைவிட இவர்களுக்குத் தாழ்சர்க்கரை அதிகம் வந்தது; அது மருத்துவர்கள் கவலை. என் கவலை, வாரம் ஒருமுறை போடுவதை ‘வேளை’க்குள் எப்படி அடக்குவது? ‘வாரமுறை’ என்று தனியாக வைக்கலாமா, இல்லை ‘ஊசி இடைவெளி’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போய்விடலாமா? மருந்துக்கடையிலோ வார்டிலோ வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.