ஷிங்கிள்ஸ் கூரையில் கறுப்புக் கறை, பாசி: பிரஷர் வாஷர் அடிக்கலாமா?

காக்ஸ்டவுன்_வாசி:
வணக்கம். பெங்களூரில் எங்க மொட்டை மாடி அறைக்குச் சரிவுக் கூரை, ஆஸ்பால்ட் ஷிங்கிள்ஸ் (ஓடு மாதிரி அடுக்கி ஒட்டுற தார்த் தகடு) போட்டது. வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் கவிஞ்சு நிக்குது. அந்தப் பக்கம் மட்டும் மை ஒழுகின மாதிரி கறுப்புக் கோடுகள், ஓரமெல்லாம் பச்சைப் பாசி. சுத்தம் பண்ண வந்தவர், பிரஷர் வாஷர் (தண்ணியை வேகமாப் பீய்ச்சுற மெஷின்) அடிச்சா அரை நாளில் பளிச்சுன்னு ஆயிடும்கிறார். அப்பா ஆசிட் ஊத்தித் தேய்க்கலாம்கிறார். எது சரி?

கூரைமேல்:
ரெண்டும் வேண்டாம்மா. நான் சர்ஜாபூர் பக்கம் வில்லாக்களுக்கு இந்தக் கூரை போடுறவன். ஷிங்கிள்ஸைத் தடவிப் பாருங்க, கரகரன்னு இருக்கும். அந்தக் கல்துகள்தான் உள்ளே இருக்கிற தாரை வெயிலிலிருந்து காப்பாத்துது. பிரஷர் வாஷர் அடிச்ச வீட்டில் மழைத்தண்ணிக் குழாய் வாயில் அந்தத் துகள் குவிஞ்சு கிடக்கும். கூரையோட ஆயுசே அங்கே கிடக்கு. பார்க்கிறப்போ எனக்கு வயிறெரியும்.

கறுப்புக் கோடு வெறும் அழுக்கு இல்லை. குளோயோகேப்சா மாக்மா என்கிற நுண்ணுயிர். ஷிங்கிள்ஸில் கலந்திருக்கிற சுண்ணாம்புக்கல் தூள்தான் அதுக்குச் சாப்பாடு. தேய்ச்சால் போகாது, கொல்லணும். அமெரிக்காவில் ஷிங்கிள்ஸ் தயாரிப்பாளர் சங்கமே சொல்ற முறை: வீட்டு பிளீச்சும் தண்ணியும் சரிபாதி கலந்து அடிச்சு, 15–20 நிமிஷம் ஊறவிட்டு, சாதாக் குழாய்த் தண்ணியில் அலசுறது. நம்ம ஊரில் கேனில் வர்ற ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) அதே பிளீச்தான், ஆனா வீரியம் அதிகம்; 10 சதவீதம்னு போட்டிருந்தா ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி ஊத்துங்க. பூச்சிமருந்து அடிக்கிற பிளாஸ்டிக் ஸ்பிரேயர் போதும். மேகமூட்டமா, காத்தில்லாத நாளாப் பாருங்க; வெயிலில் அடிச்சா ஊறுறதுக்குள்ளே காஞ்சிடும்.

பாசியைச் சுரண்டாதீங்க, துகளையும் பிச்சுக்கிட்டு வரும். அதே கலவை பட்டா பழுப்பாகிக் காய்ஞ்சு, அடுத்தடுத்த மழையில் தானே உதிரும். மிச்சத்தை மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தள்ளுங்க. கீழிருந்து மேலே போனா ஓரம் தூக்கிக்கிட்டு தண்ணி உள்ளே இறங்கும்.

ஆசிட்டும் ஹைப்போவும் சேர்ந்தா குளோரின் வாயு, மூச்சையே அடைச்சிடும். ஆசிட் பாட்டிலை மாடிக்கே கொண்டுபோக விடாதீங்க.

ராமமூர்த்திநகர்_பாட்டி:
கூரைத்தண்ணி சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டி) போகுதா கண்ணு? 2009லேயே இங்கே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்களே. முதல்ல அந்தக் குழாயைக் கழட்டி வெளியே திருப்பு. செடிகளுக்கு அலசுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நல்ல தண்ணி நிறைய ஊத்து. துளசித் தொட்டியைத் தள்ளி வெச்சிடு.

காக்ஸ்டவுன்_வாசி:
சம்ப்புக்குத்தான் பாட்டி போகுது, திருப்பிடறேன். அண்ணா, மறுபடி வராம இருக்க என்ன செய்யலாம்?

கூரைமேல்:
நிழலும் ஈரமும் இருக்கிறவரை வரும்மா. மாநகராட்சி வனப்பிரிவில் சொல்லி, கூரைமேல் தொங்குற கிளையை மட்டும் கழிக்கச் சொல்லுங்க. சருகை அப்பப்போ தள்ளிடுங்க. முகட்டில் துத்தநாகப் பட்டையோ செம்புப் பட்டையோ அடிக்கிறதும் உண்டு; மழையில் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு இறங்கி பாசியை வளரவிடாது. ஆனா சம்ப்புத் தண்ணி சமையலுக்குப் போகுதுன்னா உங்க வீட்டுக்கு நான் அடிக்க மாட்டேன்.

ஈரப் பாசியில் செருப்பு வழுக்கும். இடுப்பில் கயிறு கட்டாத ஆளை மேலே ஏத்தாதீங்க. கண்ணாடி, கையுறை ரெண்டும் வாங்கிக் கொடுங்க.