நச்சு குறைந்த கிருமி ஏன் இரத்தத்தில் நீடிக்கிறது? விளக்கம் தேவை

வணக்கம். நுண்ணுயிரியல், தீவிர சிகிச்சைத் துறைகளில் இருப்பவர்களிடம் ஓர் உதவி.

இரத்த ஓட்டத் தொற்றில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ஆல்ஃபா நச்சைப் பற்றிப் படித்துவருகிறேன். அதன் 7 மூலக்கூறுகள் வளையமாகக் கூடி செல் சவ்வில் துளை போடுகின்றன. இரத்தத் தட்டுகளும் இரத்தக்குழாய்களின் உட்சுவரும் சேதமடைகின்றன. அப்படியானால் நச்சு கூடக்கூட நோயாளியின் நிலை மோசமாக வேண்டும் அல்லவா? ஆனால் நச்சு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஏஜிஆர் மரபணுத் தொகுதி செயலிழந்து, நச்சை மிகக் குறைவாகவே சுரக்கும் வகைகளைத்தான் விடாப்பிடியான இரத்தத் தொற்றோடு பல ஆய்வுகள் தொடர்புபடுத்துகின்றன. இரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் (இரத்த அகார்) சிவப்பணுக்களைச் சிதைத்துக் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம்கூட உண்டாக்காத கிருமி, மனித இரத்தத்தில் எப்படி நிலைக்கிறது? நச்சுக்குச் செலவிடாத ஆற்றலை வளர்ச்சிக்குத் திருப்புகிறதா? அல்லது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நோயாளிகளிடம்தான் இவ்வகை அதிகம் தென்படுகிறதா? இரண்டாவதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயது, இணைநோய், இதய வால்வுத் தொற்று இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்து இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் இருந்தால், வழிமுறையைச் சொல்லுங்கள். நச்சை அளக்க முயல்களின் சிவப்பணுக்கள் மட்டும் போதுமா? மனிதச் சிவப்பணுக்கள் ஆல்ஃபா நச்சுக்கு எளிதில் சிதைவதில்லை என்பதால் கேட்கிறேன். கிளிண்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து நச்சு உற்பத்தியை அடக்குவது எத்தகைய நோயாளிக்கு உண்மையிலேயே பயன்படும் என்பதையும் மருத்துவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.